அறிவியல் கற்பித்தல் பயிற்சி: தொடர்ந்து பல வாரமா, வாரம் ஒரு நாளா?

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) 2014 விதிமுறை கேட்கும் 20 வாரப் பள்ளிப் பயிற்சி எப்படியும் உண்டு. அறிவியலையும் அந்தத் தொடர் பயிற்சிக்குள்ளேயே அடக்குவதா, பக்கத்துப் பள்ளி ஒன்றோடு பேசிவைத்து வாரம் ஒரு நாள் பயிற்சி மாணவர்களை இருவர் இருவராக அனுப்புவதா என்பதுதான் கேள்வி. நாங்கள் இரண்டாவது பக்கம்.

தொடர் பயிற்சியில் பிரார்த்தனைக் கூட்டம் முதல் சத்துணவு வரை பள்ளியின் முழு நாளும் பிடிபடும். தமிழுக்கும் கணக்குக்கும் அது போதும்.

அறிவியலுக்கு வேண்டியது, சொதப்பிய பாடத்தைச் சரிசெய்ய அவகாசம். மின்சுற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் குழுவுக்கு 1.5 வோல்ட் செல் இரண்டு, டார்ச் பல்பு ஒன்று, ஒரு சாண் வயர் இரண்டு. பல குழுக்களில் பல்பு எரியாது. வயர் நுனியில் உறையைச் சரியாகச் சீவியிருக்க மாட்டார்கள். இல்லையென்றால் இரண்டு வயரையும் பல்பின் அடிப்புள்ளியிலேயே வைத்திருப்பார்கள். பக்கவாட்டு உலோகத்தில் ஒன்று பட்டாக வேண்டும். டார்ச் பல்பு கிடைக்காமல் எல்இடி வாங்கி வந்தால் இன்னொரு தலைவலி: ஒற்றை செல்லில் எரியாது, கால் மாறினாலும் எரியாது. கடைசியில் பயிற்சி மாணவர் கரும்பலகையில் படம் வரைந்து பாடத்தை முடித்துவிடுவார். தொடர் பயிற்சியில் மறுநாளுக்கு வேறு பாடக்குறிப்பு காத்திருக்கும். அந்தத் தவறு அப்படியே நின்றுவிடும்.

வாரம் ஒரு நாள் என்றால், ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துக்குத் திரும்பியதும் அதே பொருட்களை மேசையில் வைத்துப் பார்க்கலாம். உறையை ஒரு சென்டிமீட்டர் சீவ வேண்டும், எல்இடியோடு 100 ஓம் மின்தடை சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே தெளிவாகும். 'ஒரு வயர் போதாதா?' என்று குழந்தை கேட்டதற்கும் பதில் யோசிக்கலாம். அடுத்த வாரம் அதே குழந்தைகள், அதே சோதனை. ஒருவர் பாடம் எடுக்க, மற்றவர் குழந்தைகள் சொல்வதை மட்டும் எழுத வேண்டும். மறுவாரம் முறை மாறும்.

இது கெட்டுப்போவது ஓரிடத்தில்தான். பயிற்சி மாணவர்கள் வந்ததும் வகுப்பாசிரியர் எமிஸ் என்ற அரசுத் தகவல் தளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்றப் போய்விடுவார் (அவரையும் குறை சொல்ல முடியாது). அவர் ஒரு குழுவோடு உட்கார வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

முளைவிடும் பயறுக்குத் தொடர் பயிற்சியே மேல். தினமும் பார்க்க ஆள் இல்லாவிட்டால், அடுத்த வாரம் போகும்போது அது காய்ந்தோ அழுகியோ கிடக்கும். ஈராசிரியர் பள்ளிகளில் எங்களுக்கு அனுபவம் குறைவு. அங்கே 4, 5 வகுப்புகளைச் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கும்.

பொருட்பெட்டி பள்ளியிலேயே இருக்கட்டும். செல்களை மட்டும் கழற்றித் தனியாக வையுங்கள். வயர் பட்டுக் கிடந்தால் அடுத்த வாரத்துக்குள் தீர்ந்துவிடும்.