350 ரூபாய் பச்சை லேசரும் ஒரு ரூபாய் ரெசிஸ்டரும்

மொட்டை மாடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து நட்சத்திரம் காட்டுவது என் பழைய பைத்தியம். "அதோ வரிசையாக மூணு இருக்கே" என்று விரலை நீட்டினால் ஆளுக்கொரு திசையில் பார்த்துவிட்டு "ஆமா அங்கிள், தெரியுது" என்று மனசாட்சியே இல்லாமல் தலையாட்டுவார்கள். அதற்காகத்தான் சென்னை ரிச்சி தெருவில் இந்தப் பச்சை லேசர் டார்ச்சை வாங்கினேன், 350 ரூபாய். கடைப் பெயர் வேண்டாம், அந்தத் தெருவில் பல கடைகளில் இதே சாமான்தான் தொங்குகிறது. கறுப்பு அலுமினிய உடம்பு, உள்ளே ரீசார்ஜ் செய்கிற 18650 லித்தியம் செல் ஒன்று, பின்னால் பூட்டுவதற்குக் குட்டிச் சாவி, முன்னால் திருகி மாட்ட ஒரு நட்சத்திர மூடி. மஞ்சள் ஸ்டிக்கரில் ஒளியின் பவர் '5 மில்லிவாட்டுக்குக் கீழ்' என்று அச்சடித்திருந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கோடு அட்டகாசம். நம்ம ஊர் வெளிச்சத்திலும் வானத்தில் குச்சி வைத்துக் காட்டுவது போலத் தெரிகிறது. ஆனால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்த புள்ளியைப் பார்த்ததற்கே கண்ணுக்குள் கொஞ்ச நேரம் கறுப்புப் பொட்டு மிதந்தது. சந்தேகம் வந்து, மறுநாள் ஒரு கறுப்புப் பாலித்தீன் பையை ஒரு சாண் தூரத்தில் வைத்து அடித்தேன். மெல்லச் சுருங்கியது, நாற்றம் வந்தது, அப்புறம் குண்டூசி அளவுக்கு ஓட்டை. 5 மில்லிவாட் இந்த வேலையைச் செய்யாது.

டார்ச்சோடு கடைக்குத் திரும்பப் போனேன். கடைக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "சார், பவர் ஜாஸ்தின்னா ஒரு ரெசிஸ்டர் போட்டுக்கோங்க, டிம் ஆயிடும். இல்லாட்டி ஸ்டார் மூடிய மாட்டிக்கோங்க." இந்த மூடி ஒளியை நூறு புள்ளியாகப் பிரிக்கிறது, சரிதான், ஆனால் நடுப்புள்ளி மற்றதைவிட எப்போதும் தடிமனாகத்தான் இருக்கிறது. அதனால் ரெசிஸ்டருக்கே, அதாவது கரண்ட்டைக் குறைக்கிற குட்டி உதிரிப் பாகத்துக்கே, வந்தேன். வீட்டில் உட்கார்ந்து செல்லின் பாதையில் தொடராக ஒன்றைப் பற்றவைத்தேன். புள்ளி நன்றாக மங்கியது. என்னமோ சாதித்துவிட்டது போல இரண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தேன்.

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் இருக்கிறான், அவனிடம் வெப்ப வகைப் பவர் மீட்டர் உண்டு. ரெசிஸ்டர் போட்ட டார்ச்சை அதன் முன் பிடித்தோம். 19 மில்லிவாட் காட்டியது. என்னடா இது, இவ்வளவு மங்கலாகத் தெரிகிறதே என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடித் துண்டு ஒன்றைக் குறுக்கே வைத்தான். 4 மில்லிவாட். அதாவது கண்ணுக்குத் தெரிகிற பச்சை 4, மீதி 15-ம் கண்ணுக்கே தெரியாத சாமான்.

காரணம் இந்த வகைப் பச்சை லேசர் பிறக்கிற விதம். உள்ளே இருப்பது பச்சை டயோடே (ஒளி விடும் குட்டிச் சில்லு) கிடையாது. 808 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி விடும் அகச்சிவப்பு டயோடு ஒன்று நியோடிமியம் கலந்த வனடேட் படிகத்தைத் தூண்டுகிறது, அது 1064 நானோமீட்டரில் ஒளி விடுகிறது, அடுத்த படிகமான கேடிபி அதன் அலைநீளத்தைப் பாதியாக்கி 532 ஆக, அதாவது பச்சையாக, வெளியே விடுகிறது. வழியில் மாறாமல் தப்பிக்கிற அகச்சிவப்பை நிறுத்த வாயில் ஒரு வடிகட்டி இருக்க வேண்டும். மலிவுச் சரக்கில் பல சமயம் முதலில் காணாமல் போவது அதுதான். இப்போது ரெசிஸ்டரால் கரண்ட்டைக் குறைத்தால், பச்சை அந்தக் கடைசிப் படிகத்தை நம்பியிருப்பதால் தடாலென்று விழும், 808-ஓ ஏறக்குறைய கரண்ட்டுக்கேற்பத்தான் இறங்கும். இன்னும் குறைத்தால் பச்சை சுத்தமாக நின்றுபோன பிறகும் 808 வந்துகொண்டே இருக்கும்.

பச்சை கண்ணில் பட்டால் கால் விநாடிக்குள் இமை மூடிவிடும், கண்ணுக்குத் தெரியும் குறைந்த பவர் லேசரான வகுப்பு 2-க்கு 1 மில்லிவாட் வரம்பு வைத்ததே அந்தக் கணக்கில்தான். அகச்சிவப்புக்கு இமை மூடாது. இருட்டில் 7 மில்லிமீட்டர் வரைக்கும் விரியக்கூடிய கண் பாப்பா வழியே அது நேராக விழித்திரையில் போய்க் குவியும். ஒரு ரூபாய் செலவில் நான் எச்சரிக்கை மணியை மட்டும் கழற்றிவிட்டு ஆபத்தை அப்படியே விட்டிருந்தேன். அதைப் பிள்ளைகள் கையில் வேறு கொடுக்க இருந்தேன்.

இது என் டார்ச்சின் தலையெழுத்து மட்டும் இல்லை. அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 2013-இல் 122 லேசர் பாயிண்டர்களைச் சோதித்து, பச்சையில் கிட்டத்தட்ட 90 சதவீதமும் சிவப்பில் சுமார் 44 சதவீதமும் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிக்கு உட்படவில்லை என்று சொன்னது.

மீட்டர் இல்லாதவர்களுக்கு அதே நிஸ்ட் 2010-இல் ஒரு வழி காட்டியது, நானும் செய்து பார்த்தேன். வெள்ளை அட்டையில் ஓட்டை போட்டு அதன் வழியே லேசரை ஒரு பழைய சிடி மேல் அடிக்க வேண்டும், அலைநீளம் வாரியாகப் பிரிந்து திரும்பி வரும் புள்ளிகள் அட்டையில் விழும். அதை போனின் முன் கேமராவில் பார்க்கணும் (டிவி ரிமோட்டின் எல்இடி அந்தக் கேமராவில் மினுங்கினால் அது லாயக்கானது). என் டார்ச்சுக்கு முதல் பச்சைப் புள்ளிக்கும் இரண்டாவதற்கும் நடுவே, வெறும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஊதா கலந்த வெள்ளையாக ஒரு கலங்கல் திட்டு. அதுதான் 808. சிடியை மட்டும் நேராக உற்றுப் பார்த்துவிடாதீர்கள்.

கடைசியில் வேறொரு கடையில் 520 நானோமீட்டர் நேரடி டயோடு பாயிண்டர் ஒன்று வாங்கினேன், 1,200 ரூபாய், இரண்டு சின்ன பென்சில் செல். இதில் பச்சை டயோடிலிருந்தே பச்சை வருகிறது, நடுவில் அகச்சிவப்பே கிடையாது. அதே மீட்டரில் தடுப்புக் கண்ணாடி இல்லாமல் 4.6 காட்டியது, கண்ணாடி சும்மா பிரதிபலிக்கிற கொஞ்சம் போக அதை வைத்தும் அதேதான். பழைய கேமராவின், ஒளியைக் குறைக்கும் என்டி 8 வடிகட்டியை முனையில் லேசாகச் சாய்த்து டேப் போட்டு ஒட்டினேன், எட்டில் ஒரு பங்குதான் வெளியே வரும், அதாவது ஏறக்குறைய 0.6. வகுப்பறைச் சுவருக்கு இது தாராளம். இதே என்டி வடிகட்டியைப் பழைய டார்ச்சில் ஒட்டித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், படம் எடுக்கிற என்டி வடிகட்டிகளில் பலவும் அகச்சிவப்பை அப்படியே விட்டுவிடும்.

குறை என்றால், 520-இன் கோடு அவ்வளவு மெல்லிசாக இல்லை, தூரம் போகப் போகக் கொஞ்சம் தட்டையாகிறது. வானத்துக்கு வடிகட்டியைக் கழற்றிவிட்டு முழு 4.6-இல், என் கையில் மட்டும். நான் இருப்பது மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் பாதைக்குப் பக்கம், லேசர் அடித்துப் பைலட்டுகள் புகார் செய்த செய்திகளை நாம் படித்ததுதான். அதனால் அழுத்தினால் மட்டும் எரிகிற பட்டன் உள்ளதாகப் பார்த்து எடுத்தேன், அதுவும் விமானம் கடக்கும்வரை பாக்கெட்டில்தான்.

350 ரூபாய் டார்ச்சுக்கு ஐந்தில் ஒன்றுகூடத் தர மனசில்லை. 1,200-க்கு நாலு. பழைய கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அந்த டார்ச்சில் டயோடின் கம்பியை வெட்டிவிட்டு, 18650 செல்லை என் ஹெட்லைட்டில் போட்டுக்கொண்டேன், அது மட்டும் ஒழுங்காக ஓடுகிறது.