வேர்நுனி கிட்: சாயம் அருமை, கையேட்டின் மூன்றாம் பக்கம் தவறு

பள்ளி ஆய்வகங்களுக்கென்று விற்கும் இந்த மைட்டாசிஸ் (செல் பிரிவு) கிட்டில் 30 மி.லி. அசிட்டோகார்மைன் சாயம், 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 45 சதவீத அசிட்டிக் அமிலம், ஸ்லைடு, கவர்ஸ்லிப், ஊசி, இடுக்கி, நான்கு பக்கக் கையேடு இருக்கின்றன. வெங்காயத்தை நாம் கொண்டுவர வேண்டும் என்பது தெரிந்ததே. வேரின் செல்களை இருந்தபடியே நிலைநிறுத்தும் திரவத்தையும் நாமேதான் தயாரிக்க வேண்டும். அட்டைப்பெட்டியின் மேல் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாங்குமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தத் திரவம் மூன்று பங்கு எத்தனால், ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலம். தேவைப்படும் அன்றைக்கே கலக்க வேண்டும். எத்தனாலுக்குப் பதில் சானிடைசரை ஊற்றினால் அதிலுள்ள தண்ணீர் காரியத்தைக் கெடுத்துவிடும். வேர் 2 முதல் 3 செ.மீ. நீண்டதும் காலையில் வெட்டி, 24 மணி நேரம் இதில் போட்டுவிட்டு, பிறகு 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் பல வாரங்கள் தாங்கும். ஒரு மணி நேரம் போதும் என்கிறது கையேடு. அவசரத்துக்குச் சரி, ஆனால் குரோமோசோம்களின் விளிம்பு கூர்மையாக வராது.

சாயத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குரோமோசோம்கள் கருஞ்சிவப்பாகப் பிடிக்க, சைட்டோபிளாசம் ஏறக்குறைய நிறமின்றி நிற்கிறது. துருப்பிடித்த இரும்பு ஊசியால் சாயத்துளியை லேசாகக் கிளறினால் நிறம் இன்னும் அழுத்தமாக ஏறும், ஏனென்றால் கார்மைன் பிடிக்க இரும்பு துணை செய்கிறது. அதிகம் கிளறினால் கருந்துகள் படியும். பாட்டில் பழசானாலும் இதே துகள்கள் வரும்; வடிதாளில் வடிகட்டினால் போதும்.

பெரும்பாலான ஸ்லைடுகள் கெடுவது அமிலக் கட்டத்தில்தான். வேரை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, 60 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் 5 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும். குறைந்தால் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் இளகாது. எவ்வளவு அழுத்தினாலும் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தே கிடக்கும். கூடினால் வேர் கூழாகிவிடும், சாயமும் பிடிக்காது. பிறகு நுனியில் 1 முதல் 2 மி.மீ. மட்டும் எடுங்கள். அதற்கு மேல் இருப்பவை பிரிவதை நிறுத்தி நீளத் தொடங்கிவிட்ட செல்கள். கவர்ஸ்லிப்மேல் வடிதாள் வைத்து, கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். சற்றே நகர்ந்தாலும் செல்கள் உருண்டுவிடும்.

இனி கையேட்டின் மூன்றாம் பக்கம். ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் நடுவிலுள்ள இடைக்கால நிலையை அது 'ஓய்வு நிலை' என்கிறது. இது பெரிய தவறு. ஸ்லைடில் தெரியும் செல்களில் பெரும்பாலானவை இந்த நிலையில்தான் இருக்கின்றன, அவை எதுவும் ஓய்வெடுக்கவில்லை. இதன் முதல் கட்டமான ஜி1-இல் செல் வளர்ந்து புரதங்களைச் சேர்க்கிறது. எஸ் கட்டத்தில் டிஎன்ஏ இரட்டிப்பாகிறது. ஜி2-இல் பிரிவுக்கான ஏற்பாடுகள் முடிகின்றன. இந்தக் கட்டங்களை 1953-இல் விஞ்ஞானிகள் ஹோவர்டும் பெல்க்கும் பிரித்துக் காட்டியதும் ஒரு வேர்நுனியில்தான், அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த விசியா ஃபாபாவில். கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொடுத்து, டிஎன்ஏ உருவாவது இடைக்கால நிலையின் நடுவே என்று கண்டார்கள்.

அதே பக்கத்தில் 'ஜி2-இல் 32 குரோமோசோம்கள்' என்றும் அச்சாகியிருக்கிறது. வெங்காயத்தின் எண்ணிக்கை 16. எஸ் கட்டம் முடிந்த பிறகும் 16 தான். ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கும் இரண்டு நகல்கள், அதாவது குரோமாட்டிட்கள், இருப்பதால் குரோமாட்டிட் கணக்குதான் 32. இந்தக் குழப்பம் மாணவர்களுக்குத் தேர்வில் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

மைக்ரோஸ்கோப்பின் 40 மடங்கு ஆப்ஜெக்டிவில் அருகருகே உள்ள இரண்டு இடைக்கால உட்கருக்களைப் பாருங்கள். ஒன்று சிறியது, மற்றது கண்ணுக்கே பெரிதாகத் தெரியும். பெரியது டிஎன்ஏ-வை இரட்டித்து முடித்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதியாகச் சொல்ல கார்மைன் போதாது. டிஎன்ஏ-வின் அளவுக்கு ஏற்ப நிறம் தரும் ஃபாய்ல்கன் சாயம் வேண்டும், அது இந்தக் கிட்டில் இல்லை.

ஒரு ஸ்லைடுக்கு இரண்டு சொட்டு வீதம் சாயம் ஒரு வகுப்புக்குத் தாராளமாகப் போதும். வாங்கலாம். மாணவர் கையில் கொடுக்குமுன் மூன்றாம் பக்கத்தின் அந்த இரண்டு வரிகளையும் பேனாவால் திருத்திவிடுங்கள்.