பி.பி.இ.எஸ். படிப்பதா, கலைக் கல்லூரிப் பட்டத்தோடு பி.பி.எட். படிப்பதா?

பிளஸ் டூ முடித்துவிட்டு பி.டி. சார், பி.டி. மேடம் ஆக வேண்டும் என்று நினைப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரண்டு வழிகள். ஒன்று, சுயநிதிக் கல்லூரியில் மூன்றாண்டு பி.பி.இ.எஸ். (உடற்கல்வி, விளையாட்டு இளநிலைப் பட்டம்), பிறகு இரண்டாண்டு பி.பி.எட். (உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிப் பட்டம்). மற்றொன்று, அரசு கலை அறிவியல் கல்லூரியில் ஏதாவது ஒரு பட்டம், பிறகு அதே பி.பி.எட். எப்படிப் போனாலும் ஐந்து வருடம்தான். கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

தொழில் கற்பதில் பி.பி.இ.எஸ்.தான் முன்னால் நிற்கிறது. உடற்கூறியல், உடலியங்கியல், விளையாட்டுக் காயங்கள் எல்லாம் மூன்று வருடம் ஊறிவிடும். மைதானம் போடுவதும் அப்படியே. 400 மீட்டர் ஓட்டத்துக்கு 1.22 மீட்டர் அகலத் தடம் போட்டால், இரண்டாவது தடத்துக்கு ஸ்டேகர் (எல்லோருக்கும் தூரம் சமமாக, தொடக்கக் கோட்டை முன்னால் தள்ளிப் போடும் அளவு) 7.04 மீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு தடத்துக்கும் கூடுதலாக 7.67 மீட்டர். இதைச் சுண்ணாம்புத்தூளும் டேப்புமாகப் பலமுறை போட்டவருக்கு ஆண்டு விழாவில் கை நடுங்காது. கலைக் கல்லூரியிலிருந்து வருபவர் இதை பி.பி.எட். படிக்கும் இரண்டு வருடத்துக்குள் பிடித்தாக வேண்டும். சிரமம்தான், ஆனால் பிடித்துவிடலாம்.

சம்பளத்தில் வித்தியாசமே இல்லை. மாநில அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியருக்கு அடிப்படை 20,600 ரூபாய். எம்.பி.எட். (உடற்கல்வி முதுநிலைப் பட்டம்) முடித்து டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) வழியாக உடற்கல்வி இயக்குநர் நிலை 1-க்குப் போனால் 36,900. கேந்திரிய வித்யாலயாவில் 44,900. எம்.பி.எட்.டோடு நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேறி, யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஊதிய விகிதத்தில் கல்லூரிப் பணிக்குப் போனால் 57,700. இளநிலைப் பட்டம் எது என்பதால் இதில் ஒரு ரூபாய்கூடக் கூடாது, குறையாது.

ஆனால் இந்த வேலைகளுக்கு வருடா வருடம் அறிவிப்பு வருவதில்லை. அதுவரை தனியார் பள்ளியில் குறைந்த சம்பளம்தான். அரசுப் பள்ளிப் பகுதிநேர ஆசிரியர்களின் தொகுப்பூதியமே 2012-ல் 5,000 ரூபாயில் தொடங்கி, பன்னிரண்டு வருடம் கழித்து 12,500-க்குத்தான் வந்தது. அதிலும் மே மாதச் சம்பளம் இல்லாமல் வருடக்கணக்கில் போராடினார்கள். கடனைத் திட்டமிடும்போது இந்தச் சம்பளத்தைத்தான் மனதில் வைக்க வேண்டும், 44,900-ஐ அல்ல.

கட்டணம், விடுதி, ஸ்பைக்ஸ், டிராக் சூட், ரெக்கார்டு நோட்டு, கேம்ப், டீச்சிங் பிராக்டிஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடமும் கடன் என்றால் அசல் 3 லட்சம். 10 சதவீத வட்டி. படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பதைப் பலர் வட்டியே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். தனிவட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும். முதல் வருடம் வாங்கிய 60,000-க்கு ஆறு வருட வட்டி, அடுத்ததற்கு ஐந்து வருட வட்டி என்று கூட்டினால் 1,20,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 4,20,000 ஆகியிருக்கும். ஏழு வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 6,970 ரூபாய். 15,000 சம்பளக்காரருக்குக் கிட்டத்தட்ட பாதிச் சம்பளம். பதினைந்து வருடமாக நீட்டினால் மாதம் 4,510-க்கு இறங்கும், ஆனால் கட்டி முடிக்கும்போது 8 லட்சத்தைத் தாண்டியிருக்கும். இதுவும் பி.பி.எட். சேரும்போது பழைய கடனின் தவணையை வங்கி தள்ளிவைக்கச் சம்மதித்தால்தான்.

அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு பி.பி.எட்.டுக்கு மட்டும் கடன் வாங்கினால் அசல் 1,20,000, வட்டி 30,000. அதே ஏழு வருடத்துக்கு மாதம் 2,490 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாயைத் தொடாமல் சேர்த்தால் இந்த அசலும் குறையும். படிக்கும்போதே வட்டியைக் கட்டிவிடுவது இன்னும் நல்லது. முதல் வருடம் மாதம் 500, இரண்டாம் வருடம் 1,000 வரும். இப்படிக் கட்டுபவர்களுக்கு வட்டியில் 1 சதவீதம் குறைக்கும் வங்கிகள் உண்டு, மேலாளரிடம் கேளுங்கள்.

இந்த மாதத் தவணைதான் என்னை ஒரு பக்கம் சாய்க்கிறது. கல்விக் கடனில் அப்பாவோ அம்மாவோ இணைக் கடனாளி. தவணை தவறினால் பிள்ளையின் சிபில் மதிப்பெண்ணோடு (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) அவர்களுடையதும் விழும். பிறகு வீட்டுக்காக அவர்கள் கேட்கும் கடனும் இழுபறியாகும். மாலையில் அகாடமியில் பயிற்சி கொடுத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். அந்த வருமானம் ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும், தேர்வு மாதங்களில் அடியோடு நிற்கும். தவணைக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

கலைக் கல்லூரி வழியில் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) விதிப்படி பி.பி.எட்.டில் சேர, பொதுவாக பட்டத்தில் 50 சதவீதத்தோடு, கல்லூரிகளுக்கிடையிலான அல்லது மாவட்ட, பள்ளி அளவிலான அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் பங்கேற்றிருக்க வேண்டும். முதல் வருடமே கல்லூரி அணிக்குள் போய்விடுங்கள். போட்டி முடிந்த கையோடு சான்றிதழை வாங்கி, பெயரும் தேதியும் முத்திரையும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் வருடக் கடைசியில் தேடினால் கிடைக்காது. பட்டத்தில் ஆங்கிலமோ கணிதமோ எடுப்பது புத்திசாலித்தனம். முழங்கால் ஜவ்வு கிழிந்து மைதானமே முடியாமல் போனாலும் பி.எட். படித்து வகுப்பறைக்குப் போகலாம்.

பல்கலைக்கழகத் துறையிலோ அரசு உதவிபெறும் இடத்திலோ பி.பி.இ.எஸ். சீட்டு கிடைத்து, கட்டணம் கைக்கு அடங்கினால் தயங்காமல் அதையே எடுங்கள். அங்கே என் கணக்கு தலைகீழாகிவிடும். சுயநிதிக் கல்லூரி என்றால் முன்பணம் கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள்: பி.பி.எட்.டுக்கு என்.சி.டி.இ. அங்கீகாரம் இந்த ஆண்டும் இருக்கிறதா, கல்லூரிக்கு நாக் (தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு) தரச்சான்று உண்டா, ரசீதில் வராத கட்டணம் எவ்வளவு. ரசீது இல்லாத பணத்துக்கு வங்கி கடன் தராது. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கான மத்திய அரசின் வட்டி மானியமும் தரச்சான்று இல்லாத இடத்தில் கைநழுவிப் போகலாம். தாசில்தார் வருமானச் சான்றிதழைக் கடன் விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.