மீன்குளத்தை ஒட்டிய வயலுக்கு எந்தத் தாவர மருந்து?

"இலை தழையில் செய்ததுதானே, மீனுக்கு ஒன்றும் ஆகாது" என்று நம்பித் தெளிப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் மீனை மிக வேகமாகக் கொல்லும் நஞ்சுகளில் சில செடியிலிருந்துதான் வருகின்றன.

நம் ஊரில் அதிகம் புழங்குவது வேம்பு. 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடிகட்டி 100 லிட்டராக்கித் தெளிக்கிறோம். அது பூச்சி தோலுரிப்பதைக் குலைக்கும். மீனைச் சட்டென்று சாய்க்காது. ஆனால் குளத்தில் அளவு ஏறினால் செவுள் இழைகள் வீங்கி ஒட்டிக்கொள்ளும், ரத்தச் சிவப்பணு குறையும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் கவனியுங்கள். கரைசல் இலையில் ஒட்டச் சேர்க்கும் சோப்பும் செவுளைக் கெடுக்கும். அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

பைரீத்ரம் சாமந்தி இனப் பூவிலிருந்து எடுப்பது. வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும், மனிதருக்கும் ஆபத்து குறைவு. ஆனால் நம் உடல் அதை உடைப்பது போல மீனால் வேகமாக உடைக்க முடியாது. லிட்டருக்கு மில்லிகிராமில் சிறு பங்கே போதும், நரம்பு தாறுமாறாகிச் செத்துப்போகும். குளக்கரையில் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். புகையிலைக் கஷாயமும் வேண்டாம், நிகோட்டின் மீனுக்கும் நஞ்சுதான்.

டெர்ரிஸ் என்ற கொடியின் வேரில் உள்ள ரோட்டினோன் என்ற நஞ்சு இன்னும் மோசம். செவுள் வழியாக நேரே ரத்தத்துக்குப் போய், செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிடும். நார்வேயில் சால்மனைத் தாக்கும் ஒட்டுண்ணியை ஒழிக்க, ஆற்று மீன்களையே இதை விட்டு அழித்தார்கள்.

ஆக, நான் வேம்பைத்தான் எடுப்பேன். அதுவும் காற்று குளத்துப் பக்கம் வீசாதபோது, வயல் வடிகாலை அடைத்துவிட்டு. தெளிப்பான் டேங்கைக் குளத்தில் கழுவவே கூடாது.

இலுப்பைப் புண்ணாக்கு கதை வேறு. அதிலுள்ள சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் மீனின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதனால்தான் குஞ்சு விடுமுன் விரால் போன்ற வேண்டாத மீன்களை அழிக்க, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஹெக்டேருக்கு 2,000 முதல் 2,500 கிலோ வரை போடுகிறார்கள். இறாலுக்குச் சிவப்பணு கிடையாது, பாதிப்பும் குறைவு. நஞ்சு ஏறத்தாழ மூன்று வாரத்தில் அடங்கி, புண்ணாக்கு குளத்துக்கு உரமாகிவிடும். அப்புறமும் வலைக்கூண்டில் நாலைந்து குஞ்சுகளை ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டு கட்லா, ரோகு விடுங்கள்.