பிரசவ அறையில் பக்கத்தில் யார்: நர்ஸா, சொந்தமா, டூலாவா?

வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பிறக்கும்வரை ஒருத்தர் விலகாமல் கூடவே இருந்தால் தாய்க்கு நல்லது. 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் 2017ஆம் ஆண்டு அலசல் இதைத் தெளிவாகச் சொல்கிறது: சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் சற்றுக் குறைகிறது. சரி, அந்த ஒருத்தர் யாராக இருக்க வேண்டும்: நர்ஸா, சொந்தக்காரரா, டூலா எனப்படும், பயிற்சி பெற்ற பிரசவத் துணையா?

நர்ஸுக்கு அறிவும் அனுபவமும் உண்டு; ஆனால் நேரம் இல்லை. ஒரே சமயத்தில் பல பேரைக் கவனிக்க வேண்டும், ஷிப்ட் முடிந்ததும் கிளம்ப வேண்டும். நேரத்தை ஒதுக்கிக் கொடுத்தால்? அமெரிக்கா, கனடாவின் 13 மருத்துவமனைகளில், கிட்டத்தட்ட 6,900 பெண்களிடம் அதையும் செய்து பார்த்தார்கள். 2002இல் வந்த முடிவு: சிசேரியன் எண்ணிக்கை குறையவில்லை. அங்கே வேலை செய்பவர் அந்த இடத்தின் வழக்கத்தோடுதான் போக முடியும் என்பது என் கணிப்பு.

கணவரோ அம்மாவோ இருந்தால் அன்புக்குக் குறைவில்லை. அவளுக்கு எது பயம், எது பிடிக்காது என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அவள் கத்தும்போது அவர்களும் நடுங்கிப்போகிறார்கள். எது இயல்பான வலி, எது ஆபத்து என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை.

டூலா இந்த இடைவெளியில்தான் உதவுகிறார். பிரசவத்துக்கு முன்பே தாயைச் சந்தித்துப் பேசியிருப்பார். வலி வரும்போது இடுப்பை அழுத்திப் பிடிப்பது, நடக்க வைப்பது, ஒருக்களித்துப் படுக்க வைப்பது, டாக்டர் சொன்னதை எளிதாக விளக்குவது எல்லாம் அவர் வேலை. இரத்த அழுத்தம் பார்ப்பதும், குழந்தையின் இதயத்துடிப்பைக் கணிப்பதும், உள்பரிசோதனை செய்வதும் அவர் வேலை அல்ல. தாயின் சார்பில் டாக்டரோடு சண்டை போடுகிறவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கணவரின் இடத்தையும் அவர் பறிப்பதில்லை. கணவரோடு வந்த பெண்களிடம் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், கூடவே டூலாவும் இருந்தபோது சிசேரியன் 13.4 சதவீதம், இல்லாதபோது 25 சதவீதம்.

பல இடங்களில் இந்தத் தொழிலுக்கு உரிமம் கிடையாது. அதனால் நேரிலேயே கேட்டுவிடுங்கள்: எத்தனை பிரசவங்களில் இருந்திருக்கிறார்? அந்த நேரத்தில் வேறொரு பிரசவத்தில் மாட்டிக்கொண்டால் பதிலுக்கு யார் வருவார்? சிசேரியன் ஆனால் என்ன செய்வார்?

செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. தாய்க்கு நெருங்கிய ஒரு பெண்ணுக்கு டூலா வேலையைக் கற்றுத்தரும் இரண்டு மணி நேர வகுப்பு இரண்டே இரண்டு. 2006இல் வந்த ஓர் ஆய்வில் 600 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். வலி நேரம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது. டூலா கிடைக்காவிட்டால், தைரியமான ஒரு தோழியை இப்படித் தயார்படுத்தலாம்.

குழந்தை பிறந்த பிறகு கணக்கு மாறுகிறது. மாதக்கணக்கில் உடனிருக்க குடும்பத்தால்தான் முடியும். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் குழந்தையைத் தூக்க, தாயைப் பார்க்க ஆளில்லாமல் போகிறது. பேறுகாலத்துக்குப் பின் வரும் டூலா, குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வுகிறதா, தாய் தூங்கினாளா, சாப்பிட்டாளா என்று பார்ப்பார். இரண்டு வாரம் தாண்டியும் அழுகையும் சோர்வும் விடவில்லை என்றால் டாக்டரிடம் போகச் சொல்வார். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, காய்ச்சலோ கடும் தலைவலியோ வந்தாலோ டூலாவுக்கும் போன் போட்டுக் காத்திருக்க வேண்டாம்; நேராக ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.