என் எஞ்சினையே எனக்கு விற்றார்கள்

பழைய லேண்ட்ரோவர் வைத்திருக்கிறவர்கள், அதிலும் "கொஞ்சக் காசுல எஞ்சினைப் பெருசாக்கித் தர்றேன்" என்று யாராவது சொன்னதற்கு ஏற்கனவே பாதித் தலையாட்டி முடித்தவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதை வாசித்துவிடுங்கள். நான் 340,000 ரூபா கொடுத்து ஏமாந்தேன். கராஜின் பெயரை இங்கே போடவில்லை. அதற்கான காரணத்தில் என் வெட்கமும் கொஞ்சம் இருக்கிறது, போகப் போகத் தெரியும்.

வண்டி 1976ஆம் ஆண்டு சீரிஸ் 3. முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 88 அங்குலம் உள்ள குட்டை வண்டி, 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சின். ஒரு காலத்தில் தோட்டத்துத் துரை ஓட்டியது. நான் இருப்பது இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கம். கிழமை நாட்களில் மரக்கறி மூட்டை, லீவு நாட்களில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு தேயிலை மலைகளுக்கு மேலே கல்லும் சேறுமான பாதைகள். இதுதான் வருமானம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடத்தில் துருப்பிடித்த இரும்புக்குக்கூடத் தங்க விலை. வேறு வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை, இருக்கிறதை நிமிர்த்துவோம் என்று முடிவு செய்தேன்.

என் குறை இழுவைதான். இந்த எஞ்சின் புதிதாக இருந்தபோதே அதற்கு 70 குதிரைப்பலம் அளவுதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத எஞ்சின் தன் பலத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்றை இழந்துவிடும். ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போனால் இரண்டாம் கியரிலேயே மூச்சு வாங்கும்.

ஸ்ட்ரோக்கர் பற்றி, அதாவது ஸ்ட்ரோக்கை நீட்டிப் பெரிதாக்கிய எஞ்சின் பற்றி, முதலில் சொன்னவர் ஒரு நண்பர். பிஸ்டன் மேலே போய்க் கீழே வருகிற தூரம்தான் ஸ்ட்ரோக், அதைத் தீர்மானிப்பது பிஸ்டன்களோடு சேர்ந்து சுழலும் கிராங்க் என்ற வளைந்த தண்டு. 2.25 எஞ்சினில் அந்தத் தூரம் 88.9 மில்லிமீற்றர். 1980களின் நடுவில் கம்பனி அதே எஞ்சினை 2.5 ஆக்கியபோது சிலிண்டரின் 90.47 மில்லிமீற்றர் விட்டத்தில் கை வைக்கவில்லை. கிராங்கை மாற்றி ஸ்ட்ரோக்கை 97 மில்லிமீற்றருக்கு நீட்டினார்கள். 2,286 சிசி 2,495 சிசி ஆனது. அந்தக் கிராங்கைத் தேடிப்பிடித்துப் பழைய எஞ்சினில் ஏற்றினால் ஏழைக்கேற்ற எள்ளுருண்டை மாதிரி நமக்கும் ஒரு ஸ்ட்ரோக்கர். நல்ல யோசனைதான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அதில் இரண்டு முடிச்சு இருக்கிறது. எனக்கு ஒன்று மட்டுமே தெரிந்திருந்தது.

தெரிந்தது இது: 1980க்கு முந்திய பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடலில், கிராங்கைத் தாங்குவது மூன்று மெயின் பெயரிங், பிறகு வந்ததில் ஐந்து. 2.5 கிராங்க் ஐந்து பெயரிங்குக்காகச் செய்தது. என் 1976 பிளாக்கில் அது உட்காராது, ஆகவே பிளாக்கையும் மாற்ற வேண்டும்.

நான் போன கராஜில் இருந்த பாஸும் (மெக்கானிக்கை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) இதையே சொன்னார். அதனால்தான் அவரை நம்பினேன். விஷயம் தெரிந்த ஆள் என்று நினைத்துவிட்டேன். மேசைக்குக் கீழே சாக்கில் சுற்றி வைத்திருந்த ஒரு கிராங்கை இழுத்துப்போட்டு, "எண்ணிப் பாருங்க தம்பி, அஞ்சு" என்றார். எண்ணினேன். ஐந்துதான். கிராங்கைச் சமநிலையில் வைக்கும் தடித்த பாகமான எதிரெடையில் ஒரு சிவப்புப் பெயின்ட் பொட்டு இருந்தது. போனில் படமும் எடுத்துக்கொண்டேன். ஐந்து பெயரிங் பிளாக் ஒன்று கொழும்பில் தெரிந்த இடத்தில் இருக்கிறது, அட்வான்ஸ் கொடுத்தால் கிழமைக்குள் வந்துவிடும் என்றார்.

"பிஸ்டன் என்ன விலை வரும் பாஸ்?"

"பிஸ்டன் ஏன் தம்பி? உங்க பிஸ்டனே நல்லாத்தான் இருக்கு. ரிங்ஸ் மட்டும் மாத்துவோம். வீண் செலவு எதுக்கு?"

இரண்டாவது முடிச்சு இதில்தான் இருந்தது. நான் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். ஸ்ட்ரோக் 8.1 மில்லிமீற்றர் கூடினால் அதில் பாதி, அதாவது நான்கு மில்லிமீற்றர், மேல்பக்கம் கூடும். பழைய பிஸ்டன் பிளாக்கின் மட்டத்தைத் தாண்டி எழும்பி, சிலிண்டர்களை மேலே மூடுகிற ஹெட்டில் இடிக்கும். அதனால்தான் 2.5க்கு வேறு பிஸ்டன், பிஸ்டனைக் கனெக்டிங் ரொட்டோடு கோர்க்கிற ஊசிக்கான துவாரம் மேலே தள்ளி வைத்தது. அதே கனெக்டிங் ரொட், அதே பிஸ்டன், கிராங்க் மட்டும் புதிது என்று ஒருவர் சொன்னால் அந்த எஞ்சின் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாது. நன்றாக ஓடுகிறது என்றால் கிராங்கே மாறவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் மிச்சமாகும் காசைப் பற்றி ஒருவர் பேசும்போது யாருக்குக் கணக்கு ஞாபகம் வரும்?

அடுத்து அவர் சொன்னதுதான் என் வாயைக் கட்டிப்போட்டது. பிளாக் மாறினால் எஞ்சின் நம்பர் மாறும். முறைப்படி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவுப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். பாஸ் குரலைத் தாழ்த்தி, "அந்த அலைச்சல் வேணாம் தம்பி, புது பிளாக்குல பழைய நம்பரையே பஞ்ச் பண்ணிக் குடுக்குறேன், நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். நானும் சரி என்றேன். பஞ்ச் அடிக்க 15,000 ரூபா தனியாகக் கொடுத்தேன். அந்த நிமிடத்திலேயே, பின்னால் என்ன நடந்தாலும் பொலிஸுக்குப் போக முடியாத ஆளாகிவிட்டேன். இது புரிய எனக்கு நாலு மாதம் எடுத்தது.

மூன்று தவணையில் பணம் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, முடிந்ததும் மொத்தமாக எழுதித் தருகிறேன் என்றார். கழற்றிய பழைய பிளாக்கையும் கிராங்கையும் கேட்டேன். பழைய இரும்புக்குப் போட்டுக் கழித்துக்கொண்டோம் என்று கணக்கில் 20,000 குறைத்தார். என்ன தாராளம்!

ஐந்து கிழமையில் வண்டி வந்தது. எஞ்சின் முழுக்கப் பச்சைப் பெயின்ட், பளபள. தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரைக்கும் ஓட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், வண்டி இழுத்தது. வீட்டில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். அன்று இழுத்ததற்குக் காரணம் பின்னால்தான் தெரிந்தது. ஹெட்டை இறக்கிக் கரி சுரண்டியிருக்கிறார்கள், வால்வு உட்கார வைத்திருக்கிறார்கள், புது பிளக், காபரேட்டரில் பெரிய ஜெட், பிளக் தீப்பொறி விடும் நேரத்தை, அதாவது டைமிங்கை, பிடித்து முன்னால் தள்ளியிருக்கிறார்கள். பல வருடம் கவனிக்காத எஞ்சினுக்கு இவ்வளவும் செய்தால் யார் ஓட்டினாலும் புதுப் பலம் வந்த மாதிரிதான் இருக்கும். மீதி இழுத்தது நான் கொடுத்த காசு.

ஆறாவது கிழமை றம்பொடை ஏற்றத்தில் ஒரு தம்பதியை ஏற்றிக்கொண்டு வருகிறேன். முதலில் தகரத்தில் கல் போட்டுக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தம். டைமிங் கூடிப்போனால் பாரத்தில் அப்படிக் கேட்கும். அப்புறம் வளைவு ஒன்றில் ஓயில் லைட் மினுங்கியது, அடியிலிருந்து டக் டக் என்று கனமான தட்டல். நிறுத்தினேன். அவர்களை ஒரு த்ரீவீலில் நுவரெலியாவுக்கு அனுப்பிவிட்டு, மரக்கறி லொறி ஒன்றின் பின்னால் கயிறு கட்டி வீட்டுக்கு வந்தேன். கராஜுக்குப் போன் செய்தேன். "மலையில மிதிச்சு ஓட்டியிருப்பீங்க தம்பி" என்றார். மலைநாட்டில் வேறு எங்கே ஓட்டுவது?

எங்கள் தோட்டத்து ஸ்டோரில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். தேயிலை அரைக்கிற ரோலர் முதல் பழைய லிஸ்டர் எஞ்சின் வரை அவர் கை படாததில்லை. அவரைக் கூட்டிவந்தேன். முதலில் வண்டியைச் சுற்றி வந்து, பெயின்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிளாக்கின் பக்கத்தில் தண்ணீர் அடைப்பு மூடி ஒன்று பித்தளையில் மின்னியது.

"இந்தப் பித்தளை மூடி யாரு போட்டது?"

"நீங்கதான் மாமா. போன வருசம் தண்ணி ஒழுகினப்போ."

"அப்ப இது யாரு பிளாக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. எஞ்சின் நம்பரைத் துடைத்துப் பார்த்தோம். 1976இல் அடித்த அதே எழுத்து. அரம் தொட்ட அடையாளமே இல்லை. பஞ்ச் அடிக்கக் கொடுத்த 15,000க்கு ஒரு பஞ்ச்கூட அடிக்கவில்லை. புது பிளாக் என்று விற்றது என் சொந்த பிளாக்கை. அதையே பழைய இரும்பு என்று 20,000க்கு என்னிடம் வாங்கியும் இருக்கிறார்.

எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஓயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றினோம். மூன்று மெயின் கேப். நடுப் பெயரிங்கைத் திறந்தபோது அதன் உள்தகடான ஷெல்லுக்குப் பின்னால் குளிர்பான டின்னில் வெட்டிய தகடு ஒன்று வந்து விழுந்தது. தேய்ந்த கிராங்குக்கு அளவான ஷெல் வாங்காமல், தகடு வைத்து இறுக்கியிருக்கிறார்கள். அதனால்தான் முதல் கிழமைகளில் ஓயில் பிரஷர் நன்றாகத் தெரிந்தது. தகடு நசுங்கியதும் தட்டல் தொடங்கிவிட்டது.

கடைசியாக ஹெட்டையும் இறக்கி அளந்தோம். இதைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்த எஞ்சினில் பிளக் ஓட்டை பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது, அதற்குள் கம்பி விட்டு ஸ்ட்ரோக்கைச் சரியாக அளக்க முடியாது. இந்த மாதிரி கராஜ்களுக்கு அது வசதி. ஹெட் இறங்கியிருக்கும் நாளில் நேரில் போய், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது ஒரு அளவு, அடியில் நிற்கும்போது ஒரு அளவு எடுத்துக் கழித்தால் முடிந்தது. பாடசாலைப் பிள்ளையின் அடிமட்டமே போதும். 89க்கும் 97க்கும் நடுவே ஒரு பென்சில் தடிமனுக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. எங்களுக்கு வந்தது 89. ஹெட்டைப் பூட்டும் முன் கூப்பிடுங்கள் என்று நான் சொல்லியிருந்தேன், பூட்டிய பிறகுதான் கூப்பிட்டார்கள். அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மாமா அதோடு விடவில்லை. டயரைக் காலால் தட்டி, "இது என்ன சைஸ்?" என்றார். 7.50-16. தோற்றத்துக்காக நான் போட்டது. குட்டை வண்டிக்குக் கம்பனி கொடுத்தது 6.00-16. பெரிய டயர் விட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூட. அந்த அளவுக்குச் சக்கரத்தில் இழுவை குறையும். 2,286இலிருந்து 2,495க்குப் போனால் எஞ்சின் கூடுவது எவ்வளவு? நூற்றுக்கு ஒன்பது. டயரில் தொலைத்ததைத்தான் எஞ்சினில் வாங்கப் போயிருக்கிறேன், அதுவும் கிடைக்கவில்லை. உண்மையான ஸ்ட்ரோக்கரே செய்து கொடுத்திருந்தாலும் பழைய சின்ன டயரில் ஓடிய நிலைக்குத்தான் திரும்பியிருப்பேன். இதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது. சரியாகச் செய்தால் நீ கொடுத்த காசு பிளாக்குக்கும் பிஸ்டனுக்கும் லேத் வேலைக்குமே காணாது என்றும் மாமா சொன்னார்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். எழுத்துமூல முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். என்னிடம் பில் இல்லை. நம்பர் பஞ்ச் அடிக்கச் சம்மதித்தது வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் மாதங்களையும் கடத்திவிட்டேன். உண்மையில் யாரும் எந்த நம்பரையும் தொடவில்லை. செய்யாத குற்றத்துக்குப் பயந்து இருந்திருக்கிறேன். பாஸுக்கு அது நன்றாகத் தெரியும்.

இதற்கிடையில் பண்டாரவளைப் பக்கத்து ஒருவர் தனக்கும் 2.5 கிராங்க் கிடைத்திருப்பதாக எனக்குப் படம் அனுப்பினார். எதிரெடையில் சிவப்புப் பொட்டு. என் போனில் இருக்கும் அதே கிராங்க். எத்தனை பேருக்கு அது இப்படிச் சாக்கிலிருந்து எழுந்து தரிசனம் கொடுத்ததோ. அவர் நல்லவேளை அட்வான்ஸோடு தப்பினார்.

மாமாவின் வற்புறுத்தலால் கடைசியில் மத்தியஸ்த சபைக்கு எழுதிப் போட்டேன். நம்பர் விஷயத்தையும் மறைக்காமல் எழுதினேன். சனிக்கிழமை, பாடசாலைக் கட்டடம், மேசைக்குப் பின்னால் மூன்று பேர். பித்தளை மூடியின் படம், டின் தகடு, வட்ஸ்அப்பில் தவணை கேட்டு அவர் அனுப்பிய குரல் பதிவுகள், எல்லாவற்றையும் வைத்தேன். பில் இல்லாத குறையை அந்தக் குரல் பதிவுகள்தான் கொஞ்சம் தீர்த்தன. 180,000 ரூபாவை ஆறு தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டார். இரண்டு தவணை வந்திருக்கிறது.

வண்டி இப்போது சரியான அளவு ஷெல்லோடும் 6.00-16 டயரோடும் ஓடுகிறது. மூன்றாவது தவணைக்குப் போன் செய்தபோது பாஸ், "தம்பி, மிச்சத்துக்குப் பணமா வேணாம், அந்தக் கிராங்கையே எடுத்துக்கங்க, ஒரிஜினல் 2.5" என்றார். அளந்து பார்க்க வருகிறேன், எந்த நாள் வரலாம் என்று கேட்டேன். இரண்டு கிழமையாகிறது, இன்னும் நாள் சொல்லவில்லை.