ஒரு புள்ளி கேட்டால் இரண்டு புள்ளி

மூன்று வாரம் கும்பகோணத்தில் என்னப்பா செய்தாய் என்று இங்கே ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரத்தில், நண்பர்கள் கேட்கிறார்கள். புள்ளி தேடினேன் என்றால் சிரிக்கிறார்கள். ஒன்றுவிட்ட தங்கை கல்யாணம், மகாமகக் குளத்தங்கரை, டிகிரி காப்பி எல்லாம் வழக்கம்போல ஆனது. அதை எழுத ஒன்றுமில்லை.

அப்பாவிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு, விண்டோஸ் 10. போன வருஷம், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. 11-க்கு ஏற்றலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, அந்தப் பெட்டியில் கிடையாது. டிரெஸ்டனில் நல்ல தள்ளுபடி விலையில் ஒரு லேப்டாப் கிடைத்தது. புத்திசாலித்தனமாக அங்கேயே கணக்குத் திறந்து, அப்டேட் எல்லாம் போட்டு, ஊரில் மூடியைத் திறந்தால் போதும் என்ற நிலையில் கொண்டுபோனேன். ஊருக்குப் போய் அமைத்தால் என் ஜெர்மன் நம்பருக்கு ஓ.டி.பி. வருமோ வராதோ என்ற பயம்தான்.

அப்பா வருவாய்த்துறையில் தட்டச்சராகச் சேர்ந்தவர். தட்டச்சுத் தேர்வில் தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் இரண்டும் உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கே அவர்தான் மனு எழுதுபவர். பட்டா மாற்றம், தெருவிளக்கு, முதியோர் உதவித்தொகை என்று யாராவது வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். விசையைப் பார்க்கவே மாட்டார். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே அடிப்பார்.

விண்டோஸில் தமிழ் 99, அஞ்சல் என்ற விசைப்பலகை முறைகள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. அப்பாவின் டைப்ரைட்டர் முறை இல்லை. தமிழ் 99 பழகிக்கொள்ளுங்களேன் என்றேன். ஐந்து நிமிஷம் அடித்துப் பார்த்தார். "கொம்பை முதல்ல போட்டுட்டுத்தான்டா எழுத்தைப் போடணும். இது என்ன, எழுத்தை அடிச்சிட்டு அப்புறம் கொம்பைத் தேடச் சொல்லுது?" ஐம்பது வருஷமாகக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடித்த விரல் அது. 1999-இல் அரசாங்கமே அங்கீகரித்த முறை என்று சொல்லிப் பார்த்தேன். நானும் அரசாங்கம்தான் என்றார்.

சரி என்று டைப்ரைட்டர் முறைக்கான ஓர் இலவச மென்பொருளை இறக்கிப் போட்டேன். அப்பா சம்மணமிட்டு உட்கார்ந்தார், தெருவைப் பார்த்தார், மாநகராட்சி ஆணையருக்கு ஒரு தெருவிளக்கு மனு அடித்தார். திரையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆணையர், "ஆலையர" ஆகியிருந்தார். கும்பகோணம், "கும பகோலம". புள்ளி வரவேண்டிய ஒவ்வோர் இடத்திலும் தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ஒரு ரோமன் 'ஓ' உட்கார்ந்திருந்தது. "நான் ஒரு புள்ளி கேட்டா இது ரெண்டு புள்ளியா குடுக்குதேடா" என்றார் அப்பா. "கரும்பாலைக்கு மனுப் போடற மாதிரி இருக்கு" என்று அம்மா உள்ளேயிருந்து.

இங்கேதான் என் அனுபவம் என்னைக் கவிழ்த்தது. இணையத்தில் தமிழ் வந்த காலத்திலிருந்து படிக்கிறவன் நான். திஸ்கி, டாப், டாம், வானவில் என்று ஆளுக்கொரு குறியீடு வைத்திருந்த நாட்களில், எழுத்துரு இல்லாமல் பக்கத்தைத் திறந்தால் இப்படித்தான் ஐரோப்பிய எழுத்துகள் தொப்பியும் புள்ளியுமாக வரிசை கட்டி நிற்கும். அதைப் பார்த்தே வளர்ந்த கண், இரட்டைப் புள்ளியைக் கண்டதும் தீர்ப்பு எழுதிவிட்டது: குறியீட்டுச் சிக்கல். இரண்டு நாள் அதிலேயே போயிற்று. எழுத்துருவை மாற்றினேன், யூனிகோடு அமைப்பை நோண்டினேன், மென்பொருளை மூன்று தடவை எடுத்துவிட்டுப் போட்டேன். 'ல'வும் 'ண'வும் ஏன் இடம் மாறுகின்றன என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அது அப்பாவின் வயசு என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போனேன். பேர் வேண்டாம். டிரெஸ்டனில் வீட்டு இணைய இணைப்பு போனால் ஆள் வர இரண்டு மூன்று வாரம். அதற்கும் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை வீட்டிலேயே கிடக்க வேண்டும். இங்கே டெர்மின் என்கிற முன்பதிவும் இல்லை, கடிதமும் இல்லை, படியேறினால் "வாங்க சார்". மனசு குளிர்ந்துபோனது. "பத்து நிமிஷம் சார், உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஒரு டீ வந்தது. பிரிண்டருக்கு மை ஊற்றக் கொடுத்தவர் வந்தார், போனார். கரண்ட் போய் வந்தது. இரண்டாவது டீ. பத்து நிமிஷம் என்றால் ஒன்றரை மணி நேரம் என்பது எனக்கு முன்னே தெரிந்த கணக்குதான், பதினொரு வருஷத்தில் மறந்திருக்கிறது. ஜெர்மன்காரன் மூன்று வாரம் என்றால் மூன்று வாரம், அதிலாவது ஒரு நிம்மதி உண்டு என்று தோன்ற ஆரம்பித்தது. கடைசியில் ஒரு பையன் வந்து, மூடியைத் திறந்து, எதையும் அடித்துப் பார்க்காமலே சொன்னான்: "ஃபார்மட் அடிச்சிடலாம் சார். ஐநூறு ரூபாய். நாளைக்கு சாயங்காலம் வாங்க."

என்ன கோளாறு என்று கேட்டேன். "விண்டோஸ்தான் சார்." வயிற்றுவலி, தலைவலி எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி போடும் டாக்டரை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். லேப்டாப்பைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். "டீச்சரம்மாகிட்ட காட்டலாம் வா." டீச்சரம்மா என்றால் இரண்டு தெரு தள்ளி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துபவர். எனக்குச் சிரிப்பு. நான் சிப் தொழிற்சாலையில் மென்பொருள் எழுதுகிறவன், என் மிஷினை டைப் வாத்தியார் பார்ப்பதாவது. ஆனால் மாடிப்படி ஏறும்போதே அந்தச் சத்தம் கேட்டது. மழை பெய்வதுபோல இருபது விரல் வரிசைகள், நடுவில் ஒவ்வொன்றாக மணி. குரூப் 4 தட்டச்சர் வேலைக்கு இன்னும் லோயர், ஹையர் சர்டிபிகேட் கேட்கிறார்கள், அதனால் இந்தச் சத்தம் இன்னும் உயிரோடிருக்கிறது. மை, எண்ணெய், கார்பன் பேப்பர் கலந்த வாசனை. பத்தாம் வகுப்பு லீவில் நானும் ஒரு மாதம் வந்து ஓடியவன்.

டீச்சரம்மா திரையைப் பார்க்கவில்லை, அப்பாவின் விரலைத்தான் பார்த்தார். "ஐயாவுக்கு விரல் சரியாத்தான் போகுது தம்பி. ண வர்ற எடத்துல ல வருது, ல வர்ற எடத்துல ண வருது. ரெண்டு விசை எடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்." பிறகு தமிழை நிறுத்தச் சொல்லிவிட்டு, முதல் நாள் மாணவனுக்குக் கொடுக்கும் பாடத்தை அடித்தார். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். அது சரியாக வந்தது. அடுத்து செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. வலது சுண்டுவிரல் இறங்கிய இடத்தில் செமிகோலன் இல்லை, இரட்டைப் புள்ளி 'ஓ'.

"கீழ மூலையில டி.இ.யூ.ன்னு போட்டிருக்கே, அது எந்த ஊரு தம்பி?"

டாய்ச். ஜெர்மன் விசைப்பலகை. நான் டிரெஸ்டனில் அமைத்தபோது தேர்ந்தெடுத்தது. அதில் ஒய்யும் இஸட்டும் இடம் மாறியிருக்கும், செமிகோலன் இடத்தில் அந்த 'ஓ' இருக்கும். பதினொரு வருஷமாக அதில்தான் அடிக்கிறேன், அது மாறியிருக்கிறது என்பதே என் கண்ணுக்கு மறந்துபோய்விட்டது. தட்டச்சு முறையில் ஒய் விசை 'ல', இஸட் விசை 'ண', செமிகோலன் புள்ளி. மென்பொருள் ஆங்கிலப் பலகையை நம்பி உட்கார்ந்திருந்தது, நான் அதன் காலடியில் ஜெர்மனை விரித்து வைத்திருந்தேன். ஆங்கிலத்தைச் சேர்த்து ஜெர்மனை நீக்க அரை நிமிஷம் ஆனது.

இத்தனைக்கும் டைப்ரைட்டருக்குப் பேர்போன ஊர் டிரெஸ்டன். எரிகா என்று ஒரு மிஷின், அங்கேதான் செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழுக்கு டைப்ரைட்டர் விசைப்பலகை வகுத்து, மிஷினை ஜெர்மனியில்தான் செய்வித்தார். தமிழுக்கு ஒழுங்காகப் புள்ளி வைத்துக் கொடுத்த நாட்டிலிருந்து ஒரு புள்ளியைக்கூட ஒழுங்காகக் கொண்டுவரத் தெரியாதவன் நான்.

டீச்சரம்மா காசு வாங்கவில்லை. "ஐயா எங்க பிள்ளைங்களுக்கு எத்தனை மனு அடிச்சுக் குடுத்திருக்கார்" என்று சொல்லிவிட்டு, ஓர மிஷினில் விசையைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்த பெண்ணின் கைமேல் ஒரு அட்டையை வைத்து மறைக்கப் போய்விட்டார். அங்கே உட்கார்ந்தே அப்பா மனுவை அடித்து முடித்தார். ஆணையர் ஆணையராகவே வந்தார். விசைமேல் ஒய் இருக்கும் இடத்தில் இஸட் என்று அச்சடித்திருக்கிறதே, ஸ்டிக்கர் ஒட்டட்டுமா என்று கேட்டேன். "யாரு பாக்கப்போறா?" என்றார்.

நான் திரும்பி வந்து பத்து நாளாகிறது. நேற்று வீடியோ காலில் அப்பா. மாவடுவும் கைமுறுக்கும் பார்சல் போடுகிறார்களாம், என் விலாசத்தை லேப்டாப்பில் அடிக்கிறாராம். நான் இருப்பது லோப்டாவ் பகுதி. அதை ஜெர்மனில் எழுதும்போது 'ஓ'வின் தலையில் இரண்டு புள்ளி வரும்.

"ஏன்டா, அந்த ரெண்டு புள்ளி எழுத்தை எங்கடா எடுத்துட்டுப் போயிட்ட?"